மாரித்தாயை வாய் திறக்க வைத்த பயணம்

மதுரை விமான நிலையத்தில் என் பெட்டி வந்து சேர்ந்ததும்தான் எனக்கு மூச்சே வந்தது. துணிமணி தொலைந்தால் வாங்கிக்கொள்ளலாம். அந்தப் பெட்டிக்குள் இருந்தவை வாய்க்கண்ணாடிகள், தலையில் மாட்டும் விளக்கு, ஈறிலிருந்து சதைத் துணுக்கு எடுக்கும் கருவிகள். சுங்க அதிகாரி ஒவ்வொன்றாக எடுத்துத் திருப்பிப் பார்த்தார். "பல் டாக்டரா மேடம்? எனக்கு இந்தக் கடவாய்ப் பல்லு தூங்கவே விடமாட்டேங்குது" என்று அங்கேயே வாயைத் திறந்தார். என் ஊரான பினாங்கில் எந்த அதிகாரியும் எனக்கு வாயைத் திறந்து காட்டியதில்லை. எட்டிப் பார்த்தேன், சொத்தை. உடனே போய்ப் பாருங்கள் என்றேன். பெட்டியைப் பூட்டிக் கொடுத்து வழியனுப்பி வைத்தார்.

எல்லாரும் இப்படிக் கேட்காமலே வாயைத் திறந்துவிட்டால் நான் கடல் தாண்டி வந்திருக்கவே வேண்டாம். ஒரே ஒரு பெண் வாயைத் திறக்க மறுத்ததால்தான் இந்தப் பயணம்.

வாயிலும் முகத்திலும் வரும் நோய்களை நுண்ணோக்கியில் பார்த்து இன்னதென்று சொல்வது என் வேலை. சில வருடங்களாக எங்கள் குழு ஓர் ஆராய்ச்சி செய்கிறது. வாய்க்குள் வரும் வெள்ளைப் படை, கருப்புக் கறை, ஆறாத புண் இவற்றைப் படம் பிடித்து வைத்துக்கொண்டு, எது சும்மா கிடக்கும், எது பிற்பாடு புற்றுநோயாக மாறும் என்று முன்கூட்டியே சொல்ல முடியுமா என்று பார்க்கிறோம். சிவகாசியில் பல் மருத்துவமனை வைத்திருக்கும் டாக்டர் ராஜேஸ்வரி பட்டாசுத் தொழிலாளர்களுக்கு முகாம் நடத்தி எங்களுக்குப் படங்கள் அனுப்புவார். அப்படி வந்த படங்களில் ஒன்றுதான் மாரித்தாயுடையது. இடது மேல் ஈறில், கோரைப்பல்லுக்குச் சற்று மேலே, ஒரு கருப்புக் கறை. முதல் படத்தில் மிளகளவு. சில மாதம் கழித்து எடுத்த அடுத்த படத்தில் புளியங்கொட்டை அளவு.

வாய்க்குள் ஒரு கருப்புக் கறை வளர்கிறது என்றால் நாங்கள் சும்மா விடமாட்டோம். அரிதாக வரும் ஒரு புற்றுநோய் உண்டு, பொல்லாதது. அதுவாக இருந்தால் மேல் தாடை எலும்பில் ஒரு பங்கை வெட்டி எடுக்க வேண்டும், முகம் ஒரு பக்கம் உள்ளே போய்விடும், அப்படியும் உயிருக்கு உத்தரவாதம் கிடையாது. எங்கள் கணினிக் கணிப்பு மாரித்தாயின் பெயரை ஆபத்து என்று சிவப்பில் காட்டியது. ராஜேஸ்வரி அவரைக் கூப்பிட்டு, சதைத் துணுக்கு எடுத்துப் பரிசோதிக்க வேண்டும் என்று சொல்லியிருக்கிறார். அதோடு மாரித்தாய் முகாமுக்கு வருவதை நிறுத்திவிட்டார். போனையும் எடுப்பதில்லை. என் பேராசிரியர் சீனர், அதிர்ந்து பேசாதவர். அவர் சொன்னார்: "இது நாம் பயப்படுகிற நோயாக இருந்தால் நமக்காகக் காத்திருக்காது. யாராவது நேரில் போய் அந்தப் பெண்ணிடம் பேச வேண்டும்." குழுவில் தமிழ் தெரிந்தவள் நான் ஒருத்திதான்.

விருதுநகரில் எண்ணெய்ப் பரோட்டா சாப்பிடாமல் சிவகாசிக்குள் கால் வைக்கக் கூடாது என்று ராஜேஸ்வரி போனில் உத்தரவு போட்டிருந்தார். எங்கள் ஊர்ப் பரோட்டாவான ரொட்டி சானாய் தின்று வளர்ந்தவளிடம் பரோட்டாப் பெருமை பேசுகிறாரே என்று அலட்சியமாகத்தான் உட்கார்ந்தேன். இங்கே கல்லில் சுடுவதில்லை, எண்ணெயில் குளிப்பாட்டி எடுக்கிறார்கள். மொறுமொறுவென்று வந்ததைப் பிய்த்துப் போட்டு அதன் தலையில் சால்னாவைக் கொட்டினார் பரிமாறியவர். நான் பினாங்கை மறந்தேன். எதிர் மேசையில் காலண்டர் அச்சடிக்கும் இரண்டு பேர். "லீவு நாளு லிஸ்டு இன்னும் வரல, ஆர்டரெல்லாம் மலையா நிக்கிது" என்று ஒருவர் புலம்ப, மற்றவர், "நீரு மொதல்ல பரோட்டாவத் தின்னும், அது ஆறிரும்" என்றார். எனக்குச் சொன்ன மாதிரியே இருந்தது, இன்னொன்று வாங்கிக்கொண்டேன்.

மறுநாள் காலை சிவகாசியில், என்னை மாரித்தாயின் பட்டாசுக் கம்பெனிக்குக் கூட்டிப்போக வேண்டிய ராஜேஸ்வரிக்கு அவசர நோயாளி வந்துவிட்டார். "வெள்ளை வேன் வரும் டாக்டர். ஏழாயிரம்பண்ணை கம்பெனியான்னு கேட்டு ஏறிக்கோங்க, டிரைவருகிட்ட சொல்லி வச்சிருக்கேன்" என்றார். வெள்ளை வேன் வந்தது. ஏழாயிரம்பண்ணையா என்றேன், ஆமா என்றார்கள், ஏறிவிட்டேன். இரண்டு பேர் உட்காரும் இடத்தில் நான்கு பேர். பக்கத்தில் இருந்த அம்மா தூக்குச்சட்டியை என் மடியில் வைத்துவிட்டு, "புதுசா வேலைக்கு வாரீகளா? எந்த ஊருப்பக்கம்?" என்று கேட்டார். பினாங்கு என்றேன். "அது சாத்தூருக்கு அங்கிட்டா?" என்றார். கொஞ்சம் தள்ளி என்றேன்.

அது வேறு கம்பெனி வேன். இங்கே வேனெல்லாம் வெள்ளை, பாதிக் கம்பெனிகள் ஏழாயிரம்பண்ணைப் பக்கம் என்பதை யாராவது முன்பே சொல்லியிருக்கலாம். கருவேலங்காட்டுக்கு நடுவே ஏதோ ஒரு கேட்டில் என்னையும் இறக்கிவிட்டு, பெயர் கேட்டு வருகை பதியவும் தொடங்கிவிட்டார்கள். "ஐயா, நான் டாக்டர்" என்றேன். "டாக்டரம்மாவுக்கு எதுக்கு இந்த வெயில்ல வெடி சுத்துற வேல?" என்று கேட்டில் இருந்த காவலர் சிரித்தாரே தவிர, நல்ல மனுசன், ஒரு லோடு வண்டியில் ஏற்றி அனுப்பினார். இனி இந்த ஜென்மத்தில் நிறத்தை நம்பி வண்டி ஏறமாட்டேன்.

சரியான கம்பெனிக்கு வந்து சேர்ந்தபோது நன்றாக வெயில் ஏறியிருந்தது. வாசலில் போனை வாங்கி வைத்தார்கள். தலைவிளக்கை வெளியே எடுத்ததும் காவலர் பதறிவிட்டார், பேட்டரி ஆகாதாம். வாய்க்கண்ணாடிகளும் ஆகாதாம், உலோகம். கடைசியில் என்னையே ஏற இறங்கப் பார்த்து, "இது பருத்தியா மேடம்?" என்று என் சுடிதாரைக் கேட்டார். இல்லை. நைலான் துணி உரசினால் பொறி கிளம்பும் என்பதால் நானும் உள்ளே போகக் கூடாத பொருளாகிவிட்டேன். கேட்டுக்கு வெளியே சாப்பாட்டுக் கொட்டகையில் உட்காரச் சொன்னார்கள். போர்மேன் வந்து மோர் கொடுத்தார். இத்தனை கெடுபிடி பார்த்ததில் எனக்கு எரிச்சலை விட நிம்மதிதான். உள்ளே நான் தேடி வந்த பெண் இருக்கிறாரே.

மத்தியானம் பெண்கள் கைகழுவி வந்து வட்டமாக உட்கார்ந்தார்கள். இங்கே யாரும் தன் குழம்பைத் தானே சாப்பிடுவதில்லை. மூடியைத் திறந்த கையோடு சட்டிகள் வட்டத்தைச் சுற்றுகின்றன. ஒருத்தி வீட்டுக் கருவாட்டுக் குழம்பு இன்னொருத்தி சோற்றில், அவள் வீட்டுக் கத்திரிக்காய் அடுத்தவள் சோற்றில், நடு நடுவே யார் சமையல் விளங்கவில்லை என்று ஏச்சு வேறு. எனக்கும் ஒரு மூடி நிறையச் சோறு வந்துவிட்டது.

ஒருவர் மட்டும் கொட்டகைக்கு வெளியே வேப்பமரத்தடியில் முதுகைக் காட்டி உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார். சேலைத் தலைப்பால் வாயை மறைத்து மறைத்து உருண்டையை உள்ளே தள்ளினார். யாரென்று கேட்கவே தேவையில்லை.

"மாரித்தாய்தான் டாக்டர். ஆறேழு மாசமா இப்பிடித்தான்" என்றார் வட்டத்தில் இருந்த பேச்சியம்மாள், சற்று மூத்தவர். "என்னளான்னு கேட்டா ஒண்ணும் சொல்லமாட்டா. எங்க கொளம்பு எறங்கலையாம், மகராணிக்கு."

பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். யார் என்று சொன்னதும் தலைப்பை இன்னும் இழுத்துக்கொண்டார். முப்பத்தைந்து வயது இருக்கும், மெலிந்த முகம், விரலெல்லாம் மருந்துக் கருப்பு.

"அம்புட்டுத் தூரத்துலருந்தா வந்தீக? எனக்காகவா?" என்றார். ஆமாம் என்றேன். அவர் கண் கலங்கிவிட்டது. "அப்பன்னா நெசமாவே பெரிய சீக்குதான். இல்லாட்டி எதுக்கு வரப்போறீக?"

இதை நான் எதிர்பார்க்கவில்லை. என்னைப் பார்த்தால் தைரியம் வரும் என்று நினைத்தேன், நானே கெட்ட சேதியாகப் போய்ச் சேர்ந்திருக்கிறேன். ஏன் தனியாக உட்கார்ந்து சாப்பிடுகிறீர்கள் என்று கேட்டேன்.

"ஒட்டுவாரொட்டியா இருந்தா? அவுகளும் பிள்ள குட்டிக்காரவுகதான டாக்டர். சொன்னா ஒதுக்கிருவாகளோன்னு பயம். சொல்லாம ஒண்ணா உக்காந்து தின்னா பாவம். அதான் நானே ஒதுங்கிட்டேன்."

ஒட்டாது, ஒட்டவே ஒட்டாது என்றேன். நம்பவில்லை. இங்கே வேண்டாம், சாயங்காலம் வீட்டுக்கு வாங்க, அங்கே காட்டுகிறேன் என்றார். அது போதும் எனக்கு. அந்த மூடிச் சோற்றை மிச்சம் வைக்காமல் சாப்பிட்டேன்.

சாயங்காலம் ராஜேஸ்வரியே காரில் கூட்டிப்போனார். மாரித்தாயின் கணவர் கருப்பசாமி லாரியில் பட்டாசுப் பெட்டி ஏற்றுகிறவர், ஆள் வாட்டசாட்டம். "வாங்க வாங்க, சாப்பிட்டீகளா?" என்று நாற்காலியைத் துடைத்துப் போட்டார். அவருக்கே போன வாரம்தான் விஷயம் தெரியுமாம். மாரித்தாய் வாயைத் திறந்தார். தலைவிளக்கைப் போட்டேன். படத்தில் பார்த்த அதே கறை, படத்தை விடப் பெரிது.

ஈரப் பஞ்சால் ஒற்றித் துடைத்தேன். பஞ்சின் ஓரம் கருப்பானது. இன்னும் அழுத்தித் துடைத்தேன். கறையின் விளிம்பு கரைந்து வந்தது. வளர்கிற நோய் பஞ்சில் ஒட்டிக்கொண்டு வராது. ராஜேஸ்வரியும் நானும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். ஆனால் நடுவில் மிளகளவுக் கருப்பு அப்படியே நின்றது. எவ்வளவு தேய்த்தும் அசையவில்லை. வந்த நிம்மதி பாதியிலேயே நின்றுவிட்டது.

என்ன கேட்பது என்று யோசித்துக்கொண்டிருந்தேன். புகையிலை உண்டா, வெற்றிலை உண்டா என்றெல்லாம் முகாமிலேயே கேட்டாகிவிட்டது, எதுவும் கிடையாது. மாரித்தாய்க்குக் கை சும்மா இருக்கவில்லை போலும், முறத்தில் கிடந்த கனகாம்பரத்தை எடுத்துக் கட்டத் தொடங்கினார். என்ன வேகம். ஒரு முழம் முடிந்ததும் நூலை இடது பக்கக் கோரைப்பல்லில் கொடுத்து வெடுக்கென்று கடித்து அறுத்தார். அதே பல். அதே இடம்.

"கம்பெனியில என்ன வேலை பாக்குறீங்க?" என்று கேட்டேன். சரவெடி பின்னுவதாம். வெடிகளின் திரியை ஒன்றோடு ஒன்று சேர்த்து நூலால் பின்னிக்கொண்டே போய், சரம் முடிந்ததும் நூலை அறுக்க வேண்டும். திரி முழுக்கக் கருமருந்து. அதில் உரசி உரசி நூலும் கருப்பாகத்தான் வரும்.

"அந்த நூலையும் பல்லாலயா அறுப்பீங்க?"

"பின்ன? இரும்பு உள்ளயே போகக் கூடாதுல்ல, பொறி பறந்திரும். பித்தளக் கத்திரி ஒண்ணு குடுத்திருக்காக, அது எப்பவும் அடுத்தவ கையிலதான் இருக்கும். சீசன் நேரத்துல அதத் தேடிக்கிட்டு உக்காந்தா சரம் எப்பிடி முடியும்? லபக்குன்னு ஒரு கடி, அம்புட்டுதான்."

சீசன் என்றதும் நான் ராஜேஸ்வரியின் கையைப் பிடித்தேன். முதல் படம் எப்போது எடுத்தோம்? தீபாவளி கழிந்து கம்பெனி பூட்டிக் கிடந்த காலத்தில். இரண்டாவது படம்? ஆர்டர் குவிந்து, ஆளுக்கு இருபது சரம் கூடுதலாகப் பின்னிய காலத்தில். படத்துக்குப் படம் வளர்ந்தது நோய் இல்லாமல் வேலையாகவும் இருக்கலாம். பினாங்கில் குளிர்சாதன அறையில் உட்கார்ந்து பார்த்தபோது எங்களுக்கு இரண்டும் வெறும் தேதிகள்தான். ஆனால் 'இருக்கலாம்' என்பதை வைத்து யாரையும் வீட்டுக்கு அனுப்ப முடியாது. நடுவில் நிற்கிற அந்த மிளகை வெட்டிப் பார்த்தே ஆக வேண்டும். அதை அப்படியே மாரித்தாயிடம் சொன்னேன். அவர் கணவரைப் பார்த்தார். "பாத்துருவோம்ளா" என்றார் கருப்பசாமி.

மறுநாள் ராஜேஸ்வரியின் மருத்துவமனையில் துணுக்கு எடுத்தேன். மாரித்தாய் கண்ணை இறுக மூடிக்கொண்டு அசையாமல் இருந்தார். தையல் ஊசியைப் பார்த்துத் தடாலென்று விழுந்தது கருப்பசாமி. லாரி லாரியாக வெடி ஏற்றுகிற மனுசனைத் தண்ணீர் தெளித்து எழுப்ப வேண்டியதாயிற்று. வாயில் பஞ்சை அடைத்துக்கொண்டு மாரித்தாய் சிரிப்பை அடக்கிய அடக்கில் நான் போட்ட தையல் பிரிந்துவிடுமோ என்று எனக்குக் கவலை.

துணுக்கு மதுரைக்குப் போனது. காத்திருந்த நாட்களில் ராஜேஸ்வரி என்னை வேடிக்கை பார்க்க அனுப்பினார். சாத்தூரில் காராசேவு, ஸ்ரீவில்லிபுத்தூரில் சூடு ஆறாத பால்கோவா. எங்கள் ஊரில் டப்பாவில் வரும் பால்கோவாவைச் சாப்பிட்டுவிட்டு அதைப் பால்கோவா என்று நம்பியிருந்தேன். ஆனால் மனசு எதிலும் ஒட்டவில்லை. தெருவில் போகிற பெண்களின் முகத்தையெல்லாம் பார்த்து, இடது கன்னம் குழிந்தால் எப்படி இருக்கும் என்று நினைத்துக்கொள்கிற புத்தி. வேண்டாம் என்று எனக்கு நானே அதட்டிக்கொண்டேன்.

கண்ணாடித் தகடு தயார் என்று சொன்னதும் மதுரைக்கு ஓடினேன். அங்கிருந்த நோயியல் மருத்துவர் நுண்ணோக்கியை என் பக்கம் நகர்த்திவிட்டு, "நீங்களே பாருங்க, நான் வாயத் திறக்க மாட்டேன்" என்றார். கண்ணை வைத்தேன். உருக்குலைந்து, ஒழுங்கு கெட்டுப் பெருகிக் கிடக்கும் செல்களைத் தேடினேன். இந்த மூலை, அந்த மூலை, மறுபடி முதலிலிருந்து. இல்லை. சதையின் இழைகளுக்கு ஊடே கருப்புத் துகள்கள் மட்டும் சிதறிக் கிடந்தன. பச்சை குத்தினால் மை தோலில் தங்குமே, அப்படி. இன்னொரு தகட்டை மருந்து ஊற்றி வெளுக்க வைத்திருந்தார். உடம்பின் சொந்தக் கருப்பாக இருந்தால் அதில் மறைந்துவிடும், கரித்தூள் மறையாது. மறையவில்லை. கரி. வெறும் கரி.

நாற்காலியில் சாய்ந்து, பெரிய பெண்பிள்ளை என்றும் பாராமல் அழுதுவிட்டேன். அந்த மருத்துவர் டீ வரவழைத்தார். நான் குடித்த டீயிலேயே நல்ல டீ அதுதான்.

பேராசிரியருக்குப் போன் செய்தேன். "அப்படியானால் நம்முடைய கணிப்பு தவறா?" என்றார். முழுத் தவறு என்றேன். "ரொம்ப நல்லது" என்றார். இனி ஒவ்வொருவரிடமும் என்ன வேலை, பல்லால் எதைக் கடிக்கிறீர்கள், படம் எடுத்தது சீசனிலா என்று கேட்க வேண்டும் என்று அப்போதே முடிவானது.

மாரித்தாய்க்குப் போனில் சொல்ல வழியில்லை. வேலை நேரத்தில் அவர் போன் கேட்டில் இருக்கும். அதனால் நேரே போனேன், இந்தத் தடவை ராஜேஸ்வரியின் பருத்திச் சேலையைக் கட்டிக்கொண்டு. அப்படியும் உள்ளே விடவில்லை, அனுமதிச் சீட்டு வேண்டுமாம். சாப்பாட்டு நேரம்வரை கொட்டகையில் கால் மாற்றிக் கால் மாற்றி நின்றேன்.

பெண்கள் வந்தார்கள். மாரித்தாய் என்னைக் கண்டதும் வேப்பமரத்துக்குப் போகாமல் நடுவழியில் நின்றுவிட்டார். முகத்தில் ரத்தமே இல்லை.

"ஒண்ணுமில்ல" என்று அங்கிருந்தே கத்திவிட்டேன். "ஒண்ணுமே இல்ல மாரித்தாய். திரி மருந்துதான். நூலக் கடிச்சுக் கடிச்சு ஈறுக்குள்ள போயிருக்கு, அம்புட்டுதான்!" என்னை அறியாமலே அவர்கள் பேச்சு எனக்கு வந்திருந்தது.

அவர் தூக்குச்சட்டியோடு அப்படியே தரையில் உட்கார்ந்தார். பேச்சியம்மாள் எழுந்து போய் என்ன ஏது என்று கேட்டார். மாரித்தாய் தலையைக் குனிந்தபடி எல்லாவற்றையும் சொன்னார். புற்று என்று பயந்தது, ஒட்டிக்கொள்ளும் என்று ஒதுங்கியது, எல்லாம். பேச்சியம்மாள் கேட்டு முடித்தார். பிறகு மாரித்தாயின் தூக்குச்சட்டியைப் பிடுங்கி, மூடியைத் திறந்து, அதிலேயே கையை விட்டு ஒரு வாய் அள்ளித் தின்றார். முகத்தைச் சுளித்தார்.

"ஏளா, கொளம்புல உப்பே இல்ல! இந்தக் கண்றாவியவா இம்புட்டு மாசமாத் தனியா உக்காந்து தின்னே?"

சட்டி வட்டத்துக்குள் போய்விட்டது. ஆளாளுக்கு அதில் கை போட்டு, ஆளாளுக்கு ஏசினார்கள். யாரோ இழுத்து உட்காரவைத்த இடத்தில் மாரித்தாய் உட்கார்ந்து, அழுகையும் சிரிப்புமாக யார் சோற்றையோ சாப்பிட்டார். தலைப்பு தோளில் கிடந்தது. வாயைத் திறந்து சிரித்தபோது அந்தக் கறை எனக்கு நன்றாகத் தெரிந்தது. இத்தனை வருடத் தொழிலில் முதல்முறையாக, கண்ணெதிரே திறந்த வாய்க்குள் எட்டிப் பார்க்காமல், எனக்கு வந்த மூடிச் சோற்றில் அந்த உப்பில்லாத குழம்பை ஊற்றிச் சாப்பிட்டேன்.